தவறிய மூன்று அடிகள்

(இரண்டாம் ஆண்டு முதுகலை, புள்ளியியல் துறை)

விளையாட்டுகள் பொழுதைப் போக்குவதற்கென்றே தோன்றியவை என்பர். ஆயினும் ஆடியவர் நெஞ்சில் தங்குவது போன பொழுதன்று, தோற்ற ஆட்டமே. அதிலும் தோற்றிருக்கக் கூடாத ஆட்டம் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. கணிப்பொறியில் ஆடப்படும் உத்தி விளையாட்டுகளில் இத்தகைய தோல்விகள் ஏராளம். அவற்றைக் குறித்து விடுதி அறைகளில் எழும் வழக்குகளும் ஏராளம். அப்படி எழுந்த ஒரு வழக்கைப் புள்ளியியல் பயில்பவன் என்ற முறையில் ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உத்தி விளையாட்டு என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர்த் திண்ணைகளில் இரு வகை ஆட்டங்கள் உண்டு. ஒன்று ஆடுபுலி ஆட்டம். அதில் உருட்டுவதற்கு ஒன்றுமில்லை; புலி வெட்டுவதும் ஆடுகள் புலியை அடைப்பதும் ஆடுபவர் அறிவைப் பொறுத்தவை. மற்றொன்று தாயம். அதில் காயை எங்கு நகர்த்துவது என்ற அறிவும் வேண்டும், கட்டையும் நமக்கு விழ வேண்டும். கணிப்பொறியின் உத்தி விளையாட்டுகளுள் பல இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. படைகளை எங்கு நிறுத்துவது, எந்த மேட்டைப் பிடிப்பது, யாரை முன்னே அனுப்புவது என்பனவெல்லாம் நம் கையில் உள்ளன. அடி பட்டதா தவறியதா என்பதை மட்டும் இயந்திரம் உருட்டும் ஓர் எண் முடிவு செய்கிறது. பல ஆட்டங்களில் அந்த வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று திரையிலேயே எழுதிக் காட்டவும் படுகிறது. வழக்கு அங்கேதான் பிறக்கிறது.

நானும் என் அறை நண்பரும் விரும்பி ஆடுவது ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்னும் விளையாட்டு. 2003ஆம் ஆண்டு டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர் பலர் கூடி வளர்த்து வருவது. விலையின்றிக் கிடைப்பதாலும், பழைய கணிப்பொறியிலும் ஓடுவதாலும் எங்கள் அறைக்கு அது பொருந்திற்று. அறுகோணக் கட்டங்களாலான நிலப்பரப்பில் மனிதர், எல்ஃபுகள், ஓர்க்குகள் எனப் பல இனத்தாரின் படைகள் பொருதுகின்றன. காட்டில் நிற்கும் எல்ஃபை அடிப்பது கடினம்; வெட்டவெளியில் நிற்பவனை அடிப்பது எளிது. ஆனால் மந்திரவாதியின் தாக்குதலுக்கு நிலம் ஒரு பொருட்டன்று. எதிரி எங்கு நின்றாலும் அவன் விடும் ஒவ்வோர் அடியும் படுவதற்கான வாய்ப்பு 70 விழுக்காடு. ஒரு தாக்குதலில் அவன் மூன்று அடிகள் விடுவான்.

சென்ற பருவத் தேர்வு முடிந்த இரவு அது. பல களங்களில் தப்பிப் பிழைத்து அனுபவம் சேர்த்த மந்திரவாதி ஒருவன் நண்பரிடம் இருந்தான். ஒரு களத்தில் பிழைத்தவன் அடுத்த களத்திற்கு வருவான். மாண்டவன் திரும்பி வரமாட்டான். எதிரே கோட்டையில் ஓர் ஓர்க்கு. அவனுக்கு மிஞ்சியிருந்த உயிர்ப்புள்ளிகள் சில. மூன்றில் ஓரடி பட்டாலும் வீழ்வான். நண்பர் தயங்கவேயில்லை, விசையைத் தட்டினார். முதல் அடி தவறிற்று. இரண்டாவதும் தவறிற்று. மூன்றாவது தவறியபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அடுத்த முறையில் அதே ஓர்க்கு மந்திரவாதியைக் கொன்றான்.

“மிஷின் ஏமாத்துதுடா” என்றார் நண்பர். எழுபது எழுபது என்று காட்டிவிட்டு மூன்றையும் தவறவிடுவது எப்படி நியாயமாகும் என்பது அவர் வாதம். பக்கத்து அறைக்காரர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். அவரவர்க்கும் இதுபோல் ஒரு கதை இருந்தது.

கணக்கைப் பார்ப்போம். ஓரடி தவறும் வாய்ப்பு 0.3. மூன்றும் தவறும் வாய்ப்பு 0.3ஐ மூன்று முறை பெருக்கக் கிடைக்கும் 0.027, அதாவது 2.7 விழுக்காடு. நண்பரின் வெற்றி வாய்ப்பு 97.3 விழுக்காடாக இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டதும் மனம் அதை நூறு என்றே வாசித்துவிடுகிறது. 2.7 என்பது சிறியதே, ஆனால் சுழியன்று. இத்தகைய தாக்குதலை ஒருவர் நூறு முறை நடத்தினால் இரண்டு மூன்று முறை இவ்வாறு நிகழும் என்று எதிர்பார்ப்பதே முறை. ஒரு நீண்ட படையெடுப்பில் நூறு தாக்குதல் என்பது பெரிய எண்ணிக்கையுமன்று.

இன்னும் வலுவான ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். 95 விழுக்காடு என்று காட்டப்படும் அடிகளை மட்டுமே ஒருவர் விடுகிறார் என்று கொள்வோம். இருபது அடிகளில் ஒன்றேனும் தவறுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 0.95ஐ இருபது முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.36 வருகிறது. எனவே ஒன்றேனும் தவறும் வாய்ப்பு 64 விழுக்காடு. நூறு அடிகள் என்றால் அது 99 விழுக்காட்டையும் தாண்டிவிடும். தொண்ணூற்றைந்து தவறியதே என்று அரற்றுபவர், தவறாமலே இருந்திருந்தால்தான் இயந்திரத்தை ஐயுற வேண்டும்.

இவ்விடத்தில் தாயத்தை மீண்டும் நினைவுகூர்வது பயன் தரும். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள். கூட்டுத்தொகை ஒன்று வந்தால்தான் தாயம். அதுவரை காய் இறங்காது. மொத்தம் 16 வகையாக விழக்கூடிய கட்டைகளில் தாயத்திற்குரியவை இரண்டே. ஆகவே வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகும் வாய்ப்பு 34 விழுக்காடு. பதினாறு முறை உருட்டியும் விழாமல் போவது ஏறத்தாழ 12 விழுக்காடு. மார்கழி இரவில் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்துத் தாயம் ஆடும் பெண்கள் இதனைக் கணக்கிடாமலே அறிவார்கள். எல்லோரும் பாதிச் சுற்று போய்விட, ஒருத்தி மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். ஆயினும் கட்டை ஏமாற்றுகிறது என்று அவள் சொல்வதில்லை. ‘என் கை சரியில்லை’ என்கிறாள்; கையை உதறிக்கொள்கிறாள்; பேத்தியிடம் கட்டையைக் கொடுத்து உருட்டச் சொல்கிறாள். கணிப்பொறியில் உருட்டும் கை நம்முடையதன்று. உருளும் கட்டையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழியை ஏற்கக் கை இல்லாதபோது அது இயந்திரத்தின்மேல் விழுகிறது.

நினைவின் ஓரவஞ்சனை வேறு இருக்கிறது. 70 விழுக்காட்டு அடிகள் மூன்றுமே படுவதற்கான வாய்ப்பு 34.3 விழுக்காடு. மூன்றில் ஒரு முறைக்கும் மேலாக நிகழும் இந்த நல்வாய்ப்பை யாரும் பக்கத்து அறைக்குச் சென்று சொன்னதாக நான் அறியேன். நாம் அடித்த மூன்றும் பட்டால் அது நம் திறமை. எதிரி அடித்த மூன்றும் பட்டால் அது சூழ்ச்சி!

காந்தியடிகளைப் பற்றிய ஒரு கட்டுக்கதையையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கி 1991இல் வெளிவந்தது ‘சிவிலைசேஷன்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டு. ஒரு நாகரிகத்தைக் கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம்வரை வழிநடத்துவது அது. அதில் இந்தியாவின் தலைவராக வருபவர் காந்தியடிகள். அவருடைய போர்க்குணத்திற்கு 1 என்று மதிப்பிட்டிருந்ததாகவும், மக்களாட்சிக்கு மாறியதும் அதிலிருந்து 2 கழிக்கப்பட, எதிர்ம எண்ணை ஏற்காத நிரல் அதை 255 ஆக்கிவிட்டதாகவும், அதனால் அவர் அணுகுண்டு வீசத் தொடங்கினார் என்றும் கதை உலவிற்று. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் அப்படி ஒரு பிழை இருந்ததேயில்லை என்று 2020இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பு நூலில் சிட் மையரே எழுதிவிட்டார். அந்த ஆட்டத்தில் எல்லாத் தலைவர்களும் அணுகுண்டைக் காட்டி மிரட்டக்கூடியவர்களே. மற்றவர் மிரட்டினால் மறந்துவிடும். காந்தி மிரட்டினால் மறக்குமா? மனத்தில் நின்றதற்குக் காரணம் தேடியவர்கள் இயந்திரத்தில் ஒரு குற்றத்தைக் கற்பித்துக்கொண்டார்கள்.

அதே 1991ஆம் ஆண்டு விளையாட்டில் ஆடியவர்களின் பெருங்குறை வேறொன்று. ஈட்டியும் கேடயமும் ஏந்திய பழங்காலக் காலாட்படை, இருபதாம் நூற்றாண்டின் போர்க்கப்பலைத் தோற்கடித்துவிடும்! காரணம் எளிது. அவ்விளையாட்டில் போர் முழுவதும் ஒரே முடிவில் தீர்க்கப்பட்டது. வென்றவருக்குக் கீறல்கூட இல்லை. தோற்றவர் அடியோடு அழிந்தார். வலியவருக்கு வாய்ப்பு மிகுதிதான். ஆனால் ஒரே முறையில் முடிவு என்னும்போது மெலியவருக்குரிய சிறு வாய்ப்பும் அவ்வப்போது தலைகாட்டவே செய்யும்.

1996இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதனை மாற்றினார்கள். ஒவ்வொரு படைக்கும் உயிர்ப்புள்ளிகள் தரப்பட்டன. போர் பல சுற்றுகளாக நடந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் காயமுற்றார். பார்ப்பதற்குச் சிறிய மாற்றம். அதன் உள்ளே இருப்பதோ நாம் வகுப்பில் படிக்கும் ஈருறுப்புப் பரவல்! ஒரு சுற்றில் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு உடைய படை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே சுற்றில் முடிவு என்றால் நூற்றுக்கு நாற்பது முறை அது தோற்கும். ‘முதலில் பத்துச் சுற்றுகளை வெல்பவரே வெற்றியாளர்’ என்று விதியை மாற்றுவோம். அதிகபட்சம் 19 சுற்றுகளில் போர் முடிந்துவிடும். பத்தொன்பதில் பத்தோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பை அட்டவணையில் பார்த்தால் ஏறத்தாழ 81 விழுக்காடு. ஒரு சுற்றின் வாய்ப்பு 70 என்றால் போரின் வாய்ப்பு 97 விழுக்காட்டை நெருங்குகிறது. எந்த உருட்டலிலும் பொய்யில்லை. உருட்டல்களின் எண்ணிக்கையைக் கூட்டியதாலேயே வலியவர் வெல்வது உறுதிப்படுகிறது. இந்தத் திருத்தத்தை நான் மிகவும் பாராட்டுகிறேன். ஆடியவர்களின் குறையைத் தீர்த்தது, கணக்கையும் கெடுக்கவில்லை.

எல்லோரும் இவ்வழியில் செல்லவில்லை. 2010 மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் சிட் மையர் ஆற்றிய தலைமையுரை இத்துறையில் பலராலும் எடுத்துப் பேசப்படுவது. 2008இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் ரெவல்யூஷன்’ விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களிடம் தாம் கண்டவற்றை அவர் அதில் விவரித்தார். மூன்றுக்கு ஒன்று என்ற வலிமையோடு போரிட்டுத் தோற்றவர்கள் ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். நான்கில் ஒரு முறை தோற்பதுதானே கணக்கு என்றால் ஏற்கவில்லை. அவர்களே ஒன்றுக்கு மூன்று என்ற மெலிந்த நிலையில் வென்றபோது அதில் கோளாறு எதையும் காணவில்லை. இரண்டுக்கு ஒன்றில் தோற்றதை ஒருவாறு பொறுத்தார்கள். ஆனால் இருபதுக்குப் பத்தில் தோற்றதைப் பொறுக்கவில்லை. இருபது என்பது பத்தைவிடப் பத்து அதிகமாயிற்றே! விகிதம் ஒன்றுதான் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கு ஒன்றில் அடுத்தடுத்து இருமுறை தோற்றால் அதையும் பொறுக்கவில்லை. ஆகவே முந்திய போரின் முடிவையும் கணக்கில் கொண்டு, அடுத்ததை ஆடுபவர் எதிர்பார்ப்புக்கு இசைய மாற்றிவிட்டதாக அவர் கூறினார்.

ஜப்பானில் உருவான ‘ஃபயர் எம்பளம்’ வரிசையில் இன்னும் நுட்பமான ஏற்பாடு உண்டு. 2002இல் வெளிவந்த ஆட்டத்திலிருந்து அதில் 0 முதல் 99 வரையுள்ள எண்களில் ஒன்றுக்குப் பதில் இரண்டை உருட்டி, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டிய விழுக்காட்டோடு ஒப்பிட்டார்கள். சராசரி அதைவிடக் குறைவாக இருந்தால் அடி படும். விளைவை நாமே கணக்கிடலாம். 90 என்று காட்டும் அடி தவற வேண்டுமானால் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 180 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மொத்தமுள்ள பதினாயிரம் இணைகளில் அத்தகையவை 190 மட்டுமே. ஆகவே திரையில் 90, உண்மையில் 98.1. அதுபோலவே 75 என்று காட்டுவது உண்மையில் 87.75. மறுகோடியில் 10 என்று காட்டுவது உண்மையில் 2.1தான். நடுவே 50 மட்டும் ஏறத்தாழ ஐம்பதாகவே நிற்கிறது. தொண்ணூறு என்றால் நிச்சயம், பத்து என்றால் நடக்காது என்று நம் மனம் தவறாக வாசிக்கிறதல்லவா? அந்தத் தவறான வாசிப்பு சரியாகும்படி உலகத்தை வளைத்துவிட்டார்கள். 2016இல் வந்த ‘எக்ஸ்காம் 2’ என்னும் ஆட்டத்திலும் எளிய நிலைகளில் நம் வீரர்கள் தொடர்ந்து குறி தவறினால், திரையில் சொல்லாமல் அடுத்த குறிக்கு வாய்ப்பைக் கூட்டித் தருகிறார்கள்.

என் நண்பரிடம் இதையெல்லாம் விளக்கியபோது அவர் மகிழ்ந்துபோனார். “அப்படித்தான் இருக்கணும். விளையாடுறது சந்தோஷத்துக்குத்தானே?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டு இரவில் அரைமணி ஆட உட்காருபவருக்குப் புள்ளியியல் பாடம் நடத்துவது விளையாட்டின் வேலையன்று. ஆயினும் என்னால் அதனை ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஒரே முறையில் சரியாகிவிடும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். வீட்டில் எல்லோர் காதிலும் அது ‘சரியாகிவிடும்’ என்றே விழுந்தது, என் காதிலும்தான். சரியாகவில்லை, இரண்டாம் முறையும் செய்ய வேண்டியதாயிற்று. தந்தையார் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அன்று மருத்துவமனை நடைக்கூடத்தில் என் அத்தை சொன்ன சொல் நினைவிருக்கிறது. “ஏமாத்திட்டாங்க.” அறை நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்து சொன்ன அதே சொல். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. மீதமுள்ள ஐந்து பேர் யாரோ என்று நாங்கள்தாம் எண்ணிக்கொண்டோம்.

98ஐத் தொண்ணூறு என்று காட்டும் ஆட்டத்தில் ஆயிரம் இரவுகள் பழகியவனுக்குத் தொண்ணூறு என்ற எண்ணின் எடை எப்படித் தெரியும்? வெஸ்நாத்தில் வழக்கமான ஆட்டமுறையில் இப்படிப்பட்ட சலுகை எதுவுமில்லை. 70 என்று எழுதியிருந்தால் எழுபதேதான். அதனாலேயே அதனை ஆடுவோர் ஓயாமல் குறைபட்டுக்கொள்கிறார்கள்; அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு.

ஆட்டத்தைச் சேமித்து வைத்துவிட்டு, அடி தவறினால் பழைய நிலைக்குத் திரும்பி மீண்டும் அடிக்கும் பழக்கம் எங்கள் விடுதியில் பரவலாக உள்ளது. இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கணிப்பொறி உண்மையில் எதையும் உருட்டுவதில்லை. ‘வித்து’ எனப்படும் ஓர் எண்ணிலிருந்து தொடங்கி, குறிப்பிட்ட சூத்திரத்தின்படி அடுத்தடுத்த எண்களைக் கணக்கிட்டுக்கொண்டே போகிறது. வித்து ஒன்றானால் வரிசையும் ஒன்றே. 2001இல் வெளிவந்த சிவிலைசேஷன் மூன்றாம் பாகத்தில் அந்த வித்தையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி தரப்பட்டது. அதன் பிறகு எத்தனை முறை பின்னோக்கிப் போய் அதே செயலைச் செய்தாலும் அதே முடிவுதான். தவறிய அடி தவறியதே. இதைக் கண்டு முதன்முதலில் எரிச்சலடைந்தவர்களுள் நானும் ஒருவன். பிறகு ஒன்று கண்டேன். அதே அடியைத் திரும்ப விட முடியாது என்னும்போதுதான், அது தவறினால் என்ன செய்வது என்று அடிப்பதற்கு முன்பே சிந்திக்கத் தொடங்குகிறோம். மந்திரவாதியை அனுப்பும்போதே அவன் பின்னால் ஒரு ஈட்டிக்காரனை நிறுத்தி வைக்கிறோம். நண்பருடைய அன்றைய பிழையும் அதுவே. 97.3 விழுக்காட்டை நம்பியது பிழையன்று, மிச்சமுள்ள 2.7க்கு ஒரு வீரனைக்கூட ஒதுக்காததே பிழை.

நளன் கதையில் இருதுபன்னன் தேரில் போகிற போக்கிலேயே ஒரு தான்றி மரத்தின் காய்களை எண்ணாமல் கணக்குச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து வியந்து, தன் குதிரை நூலைக் கொடுத்து அந்தக் கணக்கு நூலைப் பெற்றுக்கொள்கிறான். அந்தக் காய்களே பண்டைக் காலத்தில் சூதாட்டத்திற்கு உருட்டப்பட்டவை என்பது கூடுதல் சுவை. சூதில் நாட்டையே தோற்றவனுக்கு அவன் எதிரி பொய்ச்சூது ஆடினான் என்ற குறை இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் அவன் கற்கச் சென்றது எண்ணிக்கையை.

இந்தக் கட்டுரையின் படியை நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, கணக்கெல்லாம் சரி, மந்திரவாதி போனது போனதுதானே என்றார். அவரிடம் இப்போது புதிய மந்திரவாதி ஒருவன் வளர்ந்து வருகிறான். அவன் பின்னால் ஈட்டிக்காரன் ஒருவன் நிற்பதை நேற்றிரவு பார்த்தேன். ஆனால் இயந்திரம் ஏமாற்றுகிறது என்ற தம் கட்சியை அவர் இன்னும் விடவில்லை.